பெட்டிக்குள் கிடக்கும் எண்

(காரைக்குடி அருகே நடந்த கொடிநாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் சுபேதார் ஐயா அவர்களே, மண்டபத்தையும் காப்பி பலகாரத்தையும் மனமுவந்து தந்த நகரத்தார் பெருமக்களே, தலைமையாசிரியர் அவர்களே, உண்டியலோடு வீடு வீடாக நடந்த பிள்ளைகளே, முன்வரிசையில் இருக்கும் ஆச்சிமார்களே, அனைவருக்கும் வணக்கம். சுபேதார் ஐயா 1971 போரில் நின்றவர். தமக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்து, மகனை எல்லையில் பறிகொடுத்த அந்தத் தாயாருக்குப் போர்த்தினாரே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டிருக்கிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நமக்காக உயிரையே இட்டவரை எவ்வளவு காலம் நினைப்பது? இன்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். களத்தில் விழுந்தவரை எப்படி அடையாளம் காண்கிறார்கள், எப்படி ஊர் சேர்க்கிறார்கள், அதில் அரசின் கடமை என்ன.

முதலில் அடையாளம். 1984-இல் சியாச்சின் பனிமலையில் பனிச்சரிவில் புதைந்த குமாவுன் படைப்பிரிவு வீரர் ஒருவரின் உடல் 2022-இல் கிடைத்தது. 38 ஆண்டுகள்! அவர் யாரென்று சொன்னது, படை எண் பொறித்த ஒரு சின்ன உலோக வில்லை. 1968-இல் 102 பேரோடு இமாசலத்து ரோதாங் கணவாய்ப் பக்கம் மறைந்த விமானப்படை விமானத்தில் இருந்தவர்களில் நான்கு பேரின் உடல்கள் 2024-இல் பனியிலிருந்து எடுக்கப்பட்டன. சட்டைப்பைக் காகிதம்கூட அங்கே சாட்சி சொன்னது.

வில்லையும் இல்லை, காகிதமும் இல்லை என்றால் பல்லைப் பார்ப்பார்கள், எலும்பைப் பார்ப்பார்கள், மரபணுவைப் பார்ப்பார்கள். இங்கேதான் ஒரு அதிசயம். எலும்பில் நெடுங்காலம் தாங்கும் ஒருவகை மரபணு தாய் வழியாக மட்டுமே இறங்குகிறது. அது அவர் பெற்ற பிள்ளையிடம் இருக்காது. உடன்பிறந்தவளின் பிள்ளையிடம் இருக்கும். காதுகுத்துக்குத் தாய்மாமன் மடியில் உட்கார்ந்த மருமகன்தான், அந்த மாமனின் எலும்புக்கு ரத்தம் கொடுத்துப் பேர் சொல்ல முடியும். அமெரிக்கா இன்னும் 80,000-க்கும் மேற்பட்ட தன் வீரர்களைத் தேடுகிறது. குடும்பங்களிடம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டு, அருணாசலப் பிரதேச மலைகள் வரை வந்து தேடுகிறது.

இப்போது எங்கள் தெரு அப்பத்தா ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார். இங்கிருந்து கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்கப் போனவர்கள் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து, நடந்தும் கப்பலேறியும் வந்து சேர்ந்தார்கள். அவர் வரவில்லை. ஒரு தந்தி வந்தது, ‘காணவில்லை’ என்று. செத்தார் என்று இல்லை. அப்பத்தா தாலியைக் கழற்றவில்லை. ஆடி அமாவாசைக்குத் தெருவே தேவிபட்டினம் போகும். அவள் மட்டும் திண்ணையில் இருப்பாள். பெரியவர் ஒருவர் ஒருமுறை, “ஆத்தா, போனவருக்கு எள்ளுந்தண்ணியும் இறைச்சிரலாமே” என்றார். சிறுவனாக நானும் பக்கத்தில் நின்றேன். அவள் சத்தம் போடவில்லை. “செத்த நாள் தெரியுமாய்யா உங்களுக்கு? ஒரு எலும்பு கொண்டாந்து குடுங்க, இந்தக் கையால கழட்டிர்றேன்” என்றாள். பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பேசாமல் போய்விட்டார். தினமும் ராத்திரி ஒரு சொம்புத் தண்ணீரைத் திண்ணையில் வைத்துவிட்டுத்தான் படுப்பாள். நடந்து வருகிறவருக்குத் தாகமாக இருக்குமாம். நாற்பது வருஷத்துக்கு மேல் வைத்தாள். தாலியோடுதான் போனாள்.

பர்மாவில் யாங்கோனுக்கு, அதாவது பழைய ரங்கூனுக்கு, வடக்கே தவுக்கியானில் ஒரு நினைவுத் தூண் வரிசை இருக்கிறது. கல்லறை தெரியாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் அங்கே. பெரும்பாலோர் இந்தியர். அந்தப் பதிவேட்டை நான் தேடினேன். அப்பத்தா வீட்டுக்காரர் பெயரில் ஒருவருக்கு மேல் இருந்தார்கள். எது அவர்? படை எண் இருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லலாம். எண் தந்தியில் இருந்தது, தந்தி தகரப்பெட்டியில் இருந்தது, பெட்டியை வீட்டை விற்கும்போது பழம்பொருள் கடைக்கு நிறுத்துப் போட்டுவிட்டார்கள்!

அய்யா, இதற்காகத்தான் நான் பத்து வருஷமாக ஊர் ஊராகக் கத்துகிறேன். தூணை விற்றீர்கள், கதவை விற்றீர்கள், நிலைக்கண்ணாடியை விற்றீர்கள். அது உங்கள் சொத்து. காகிதத்தை விற்காதீர்கள். முதல் உலகப் போர்ப் பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள்: எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். வெள்ளி விலைக்கு அதை உருக்கினால் ஒரு மனிதனை இரண்டாம் முறை புதைக்கிறோம். உடல் கிடைக்காவிட்டாலும் கல்லெடுத்து, நீராட்டி, பேரெழுதி நடுகல்லாக நட்ட இனம் நாம். பேர் தெரிந்தால்தானே எழுத முடியும்? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம், எந்த எண்ணை வைத்து நினைப்பது?

ஊர் சேர்ப்பதையும் அரசின் கடமையையும் பேச நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒரே ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். கடிதம், தந்தி, பதக்கம், சம்பளப் புத்தகம், பட்டாளத்து உடுப்போடு எடுத்த படம், எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே படமெடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தருவோம். காகிதம் இல்லாதவர்கள் வீட்டில் இருக்கும் மூத்த ஆச்சியையோ அப்பத்தாவையோ கைப்பிடித்துக் கூட்டி வாருங்கள். போனவர் பெயர், ஊர், அவருடைய அக்கா தங்கை யார், அவர்களுடைய பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்கிறோம். நன்றி, வணக்கம்.