தானம் கொடுத்த மாடும் உறைந்த கருவும்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் பேசியது)

தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தையும் எடுத்துக்கொண்ட வழக்கறிஞர் அண்ணன் அவர்களே, மகப்பேறு மருத்துவர் அம்மா அவர்களே, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மழையிலும் வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளர் தம்பிக்கும் நன்றி.

கருத்தானம், அதாவது உடலுக்கு வெளியே உருவாக்கி உறையவைத்த கருவைப் பிள்ளையில்லாத இன்னொருவருக்குக் கொடுப்பது. அதைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன்: சட்டம், அறம், பிறக்கும் பிள்ளையின் உரிமை.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். மாட்டுக்குச் சரி. கருவுக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் ரியோஸ் என்று ஒரு பணக்காரத் தம்பதி. பிள்ளை இல்லை. 1981இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் போய்ச் சிகிச்சை எடுத்து, இரண்டு கருக்களை உறையவைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். 1983இல் சிலி நாட்டில் விமான விபத்து. இருவரும் போய்விட்டார்கள். கருக்களை என்ன செய்வதென்று ஒரு வரி எழுதிவைக்கவில்லை. சொத்தோ ஏராளம். இப்போது சொல்லுங்கள், குளிர்பெட்டிக்குள் இருப்பது வாரிசா? (சிரிப்பு) சிரிக்கிறீர்கள், அங்கே 'நான் சுமக்கிறேன்' என்று பெண்கள் முன்வந்தார்கள்! அழியவிடலாம் என்றது வல்லுநர் குழு. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் சட்டமன்றமோ வேறொரு பெண்ணுக்குத் தரலாம் என்று சட்டம் செய்தது.

நமக்கு 2021இல்தான் செயற்கைக் கருத்தரிப்பை முறைப்படுத்தும் சட்டம் வந்தது. கருவை விற்றால் முதல் தடவை 5 முதல் 10 லட்சம் ரூபாய் அபராதம். மறுபடியும் செய்தால் 3 முதல் 8 ஆண்டு சிறை. உறைந்த கருவை 10 ஆண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. கருப்பைக்குள் செலுத்தும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அறம்? 2022இல் ஈரோட்டு வழக்கைப் படித்திருப்பீர்கள். 16 வயதுச் சிறுமிக்குப் போலி ஆதார் காட்டிக் கருமுட்டை எடுத்தார்கள். அங்கே பல்லைப் பிடித்துப் பார்க்க ஆளில்லை.

என் அண்ணன் மகள் ஒரு மருத்துவமனையில் நீட்டிய படிவத்தைக் காட்டினாள். முழுக்க ஆங்கிலம், எறும்பு எழுத்து. கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி. விவாகரத்தானால், ஒருவர் இறந்தால் கரு என்னவாகும் என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது! வாடகைத்தாய்ச் சட்டம், கருவைச் சுமக்கப்போகும் பெண்ணுக்குப் புரியும் மொழியில் சம்மதம் வாங்கச் சொல்கிறது. அதே நியாயம் கருவைக் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் வேண்டாமா? தமிழில் படிவம் வேண்டும், தமிழில் விளக்கம் வேண்டும் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். பிள்ளையின் உரிமையை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்க, தமிழ்ப் படிவம் கேட்கும் மனு தயார், வாசல் மேசையில் இருக்கிறது. பேனா பொருளாளரிடம். தேநீருக்கு முன்பே கையெழுத்தைப் போட்டுவிடுங்கள்.