புது வண்டியின் முதல் ஆயிரம் கிலோமீட்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் பக்கம் வெள்ளிக்கிழமை போனால், மாலையும் சந்தனமுமாக ஒரு புது வண்டி பூஜைக்கு நிற்பதைப் பார்க்கலாம். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம். அதை நசுக்க ஆக்ஸிலரேட்டரை உறுமவிட்டு, கிளட்சைப் பாதியில் பிடித்து, வண்டியை ஒரு துள்ளு துள்ளவைப்பார்கள். புது கிளட்சில் தீய்ந்த வாடை வர அது ஒன்றே போதும். சின்ன பெட்ரோல் கார் என்றால் முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டாலே நகர்ந்துவிடும். முக்கால் டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கு எலுமிச்சம்பழம் எம்மாத்திரம்? பூஜை முடிந்தால் பானட்டில் வைத்த குங்குமத்தை அன்று மாலையே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். துணியால் வறட்டுத் துடைப்பு வேண்டாம், பெயின்டில் கீறல் விழும். வெயிலில் காயவிட்டால் சாயம் இறங்கிக் கறையாக நின்றுவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புது வண்டி வந்ததும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "இன்ஜின் செட் ஆகணும்பா, நாற்பதுக்கு மேல போகாதே." இதே திருவொற்றியூரில் 1950களில் புல்லட் தயாரிக்கத் தொடங்கிய காலத்தில் அது நல்ல அறிவுரை. இன்றைய காருக்கு அதில் பாதிதான் பொருந்தும். மெதுவாக ஓட்டுவது வேறு, செட் ஆவது வேறு.

செட் ஆவது என்றால் என்ன? வீட்டில் புது அம்மி வாங்கினால் நேரே மசாலா அரைக்கமாட்டோம். அரிசியோ தவிடோ போட்டு நாலைந்து தடவை அரைத்துக் கொட்டுவோம். கொத்திய கல்லின் முனைகள் மழுங்கி, அம்மியும் குழவியும் ஒன்றோடொன்று படியவேண்டும். இன்ஜினுக்குள் பெட்ரோல் எரியும் குழாயான சிலிண்டரின் உள்சுவரும் அப்படித்தான். தொழிற்சாலையில் அதில் வேண்டுமென்றே மெல்லிய குறுக்குக் கீறல்கள் போடுகிறார்கள். அந்தப் பள்ளங்களில் ஆயில் தங்கும். சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றிய வளையமான பிஸ்டன் ரிங், மேடுகளைத் தேய்த்துச் சமன்படுத்தும். ரிங் சுவரோடு நன்றாகப் படிந்தால் எரிந்த வாயு கீழே கசியாது, ஆயில் மேலே ஏறாது.

இங்கேதான் கவனிக்கவேண்டியது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவதில் பெரும்பங்கு அதற்குப் பின்னால் புகுந்து தள்ளும் வாயு அழுத்தத்துக்கு. இன்ஜின் ஓரளவு வேலை செய்தால்தான் அந்த அழுத்தம் வரும். சும்மா நின்று ஓடும் இன்ஜினில் வராது. நாள் முழுக்க ஐட்லிங்கிலேயே கிடந்தால் ஆயில் சுவரில் வெந்து கண்ணாடி போல் வழவழவென்று படிந்துவிடும். அப்புறம் குழவி வழுக்கிக்கொண்டே இருக்கும், மாவு அரைபடாது.

இப்போது நம் பக்கத்துப் போக்குவரத்தை யோசியுங்கள். எண்ணூர் விரைவு சாலையிலும் மணலி சாலையிலும் துறைமுகத்துக்குக் காத்துக்கிடக்கும் கன்டெய்னர் லாரி வரிசை. அதன் பக்கவாட்டில் முதல் கியர், இரண்டாம் கியர், நில், மறுபடி முதல் கியர். மணிக்கு 15 கிலோமீட்டர் சராசரி என்று வைத்தால் 1000 கிலோமீட்டர் ஓட 66 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் பெரும்பகுதி இன்ஜின் வெறுமனே ஓடிய நேரம். மீட்டரில் ஆயிரம் காட்டும், ரிங் ஐந்நூறு கூடப் பார்த்திருக்காது. மறுபடி சொல்கிறேன்: மெதுவாக அல்ல, வேகத்தை மாற்றி மாற்றி.

எப்படி மாற்றுவது? ஞாயிறு விடியலில் மீஞ்சூரில் வெளிவட்டச் சாலை ஏறுங்கள். நெமிலிச்சேரி வரை சுமார் 30 கிலோமீட்டர். முதல் 10 கிலோமீட்டர் நிதானமாக, இன்ஜின் சூடாகட்டும். பிறகு மூன்றாம் கியரில் 40இலிருந்து 60 வரை, பெடலைப் பாதிக்கு மேல் மிதிக்காமல் ஏற்றுங்கள். காலை எடுத்துவிட்டு, கியரிலேயே 40க்கு இறங்க விடுங்கள். காலை எடுக்கும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சல் உண்டாகி ஆயில் மேலே வரும், ரிங் குளிரும். இதை ஏழெட்டு தடவை செய்துவிட்டு, நான்காம் கியரில் 50இலிருந்து 75 வரை அதேபோல. இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் 4000த்தைத் தாண்டவேண்டாம். முன்பின் கண்ணாடியைப் பார்த்துச் செய்யுங்கள், அங்கேயும் ஓரத்தில் லாரி நிற்கும். வாரம் ஒரு நாள், நாலு வாரம் போதும்.

மெதுவாகப் போவதாக நினைத்து ஐந்தாம் கியரில் 35இல் ஓட்டுகிறவர்கள் உண்டு. வண்டி உதறும், திணறும். வேகமாக ஓட்டுவதைவிட இதில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் அடி அதிகம். காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் வேண்டாம். அரை நிமிடம் போதும், பிறகு மெல்ல ஓட்டியே சூடாக்குங்கள்.

வண்டி வந்த மறு வாரமே திருப்பதி என்பது நம் பக்கத்து வழக்கம். போகாதே என்றால் கேட்கவா போகிறீர்கள்? ஐந்து பேர், டிக்கி நிறையப் பை, ஏ.சி. வேறு. சமதளத்தில் ஒரே 80இல் ஒரு மணி நேரம் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். மலை ஏறும்போது ஏ.சி.யை அணைத்து, திணறும் முன்பே கியரைக் குறையுங்கள். இறங்கும்போதுதான் ஆபத்து. பிரேக் பேடும் டிஸ்கும் படிய முதல் 300 கிலோமீட்டராவது வேண்டும், அதுவரை பிடிப்பு முழுதாக இருக்காது. இரண்டாம் கியரில் இன்ஜினே பிடிக்கட்டும், பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள். புது டயரும் முதல் 150, 200 கிலோமீட்டர் கொஞ்சம் வழுக்கும். மழை என்றால் தூரம் விட்டுப் போங்கள்.

இனி, பயந்து ஷோரூமுக்கு ஓடவைக்கும் சின்னச் சின்னத் தொல்லைகள். காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் உப்புக்காற்று. இரவு மழை பெய்தால் காலையில் பிரேக் டிஸ்கில் செம்மஞ்சளாகத் துரு தெரியும், முதல் பிரேக்கில் கரகர என்னும். நாலு தடவை பிடித்தால் போய்விடும். முதல் சில நாள் புகைக்குழாய்ப் பக்கம் வரும் வாடை, பூச்சு தீய்வது. கூலன்ட் ஒரு விரல் இறங்குவது, உள்ளே சிக்கிய காற்று வெளியேறுவதால். நிரப்பியும் வாரம் தவறாமல் இறங்கினால்தான் கசிவு. ஐட்லிங்கில் ஸ்டியரிங் அதிர்கிறதா? மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு அது இயல்பு. 2024இல் ஸ்விஃப்ட்கூட நாலிலிருந்து மூன்றுக்கு மாறியது, பழைய வண்டியோடு ஒப்பிட்டால் குழப்பம்தான்.

வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறதா? சஸ்பென்ஷனைத் திட்டாதீர்கள், காற்றைப் பாருங்கள். யார்டில் நிற்கும் வண்டியின் டயரில் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று அடித்துவைப்பதுண்டு, குறைக்க மறந்துபோவதும் உண்டு. டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளில் உள்ள அளவுக்கு, டயர் ஆறியிருக்கும்போது வையுங்கள். பின்னாலிருந்து கடகட சத்தமா? ஜாக்கி, ஸ்பேனர் பை, நம்பர் பிளேட், போடாத பின் சீட் பெல்ட் பக்கிள், இந்த நான்கையும் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுப் பிறகு புகார் சொல்லுங்கள்.

நிலையத்தில் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். முதல் சர்வீஸைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பல கம்பெனிகளில் 1000 கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம், எது முதலோ அது. பல வண்டிகளில் அப்போது சோதனை மட்டும்தான், ஆயில் மாற்றமாட்டார்கள், கையேட்டைப் பாருங்கள். இன்ஜின் ஃபிளஷ், டெஃப்லான் கோட்டிங் என்றெல்லாம் பட்டியல் நீட்டினால் கையெழுத்துப் போடவேண்டாம். சத்தம் இருந்தால் சர்வீஸ் அட்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக்காட்டி, ஜாப் கார்டில் எழுதச்சொல்லுங்கள். மைலேஜைக் கணக்கிட முதல் 1000 முடியட்டும். எலி வயரைக் கடிக்கும் தொல்லையைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை.

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றிப் போங்கள். இறங்கி இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி மேலே ஏற்றி, டோ வண்டியைக் கூப்பிடுங்கள். நன்றி, வணக்கம்.