பேரல் அடியில கெடக்குற வெள்ளைப் பொடி

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் கடலூர்க்காரன், சிப்காட்ல மருந்து மூலப்பொருள் செய்ற ஒரு கம்பெனில 26 வருஷம் புரொடக்‌ஷன்ல இருந்துட்டு ரிட்டையர் ஆனவன். கம்பெனி கழிவுலேர்ந்து பேட்டரிக்கு சாமான் எடுக்குறதப் பத்தி பேசுங்கன்னாங்க. சிதம்பரம் பஸ்ல சிப்காட்ட ஒட்டுன குடிகாடு தாண்டும்போது மூக்கப் பொத்துனவங்க கேட்டுட்டு இருப்பீங்க, அதனால ஜாக்கிரதையாவே பேசுறேன்.

விட்டிக் ரியாக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு மூலக்கூற ஒண்ணா இணைக்கிற வேதிவினை, ஜார்ஜ் விட்டிக்னு ஒரு ஜெர்மன்காரர் கண்டுபுடிச்சது, 1979ல நோபல் பரிசு குடுத்தாங்க. வைட்டமின் ஏ செய்றதுக்குக்கூட இது உண்டு. இதுல நமக்கு வேண்டிய சரக்கோட வேண்டாத ஒண்ணும் சேந்தே வரும், டிரைஃபினைல்பாஸ்பீன் ஆக்சைடு, சுருக்கமா டிபிபிஓ. ஒரு மூலக்கூறு சரக்குக்கு ஒரு மூலக்கூறு இது, இதோட மூலக்கூறு எடை 278, அதனால சரக்கு சின்ன மூலக்கூறா இருந்துச்சுன்னா சரக்க விட கழிவு அதிக எடை நிக்கும். பாக்க கல்கண்ட நொறுக்குன மாதிரி வெள்ளையா அழகாத்தான் இருக்கும், ஆனா சரக்க விட்டுப் பிரியாது, கட்டுன புடவையில ஒட்டுன நாயுருவி மாதிரி, எத்தன தடவ கிரிஸ்டல் ஆக்கி வடிகட்டினாலும் கொஞ்சம் கூடவே வந்து நிக்கும். அதத் திரும்ப, மொதல்ல எடுத்துக்கிட்ட டிரைஃபினைல்பாஸ்பீனா மாத்துற வழியும் இருக்கு, ஆனா பாஸ்ஜீன்னு ஒரு விஷ வாயு வெச்சு செய்யணும், அத எல்லாரும் தொட முடியுமா.

இப்ப பேட்டரிக்கு வரேன். நம்ம இன்வெர்ட்டர் பேட்டரில பவர் உள்ள இருக்குற தகட்டுல சேரும். ஃப்ளோ பேட்டரி அப்படி இல்ல, ரெண்டு டேங்க்ல ரெண்டு திரவம், பம்ப் வெச்சு நடுவுல இருக்குற செல்லுக்குள்ள ஓட விடுவாங்க, பவர் அந்த திரவத்துலயே இருக்கும். நெறைய சேத்து வெக்கணுமா, டேங்க பெருசாக்கு, அவ்ளோதான். சோலார் பகல்ல குடுக்குற கரண்ட ராத்திரிக்கு வெக்க தோதானது. இன்னிக்கு பெரும்பாலும் வனேடியம்னு ஒரு உலோகத்த நம்பித்தான் இருக்கு, அது விலை ஜாஸ்தி.

அமெரிக்காவுல நார்த்வெஸ்டர்ன் யுனிவர்சிட்டில 2025 ஆரம்பத்துல என்ன பண்ணாங்கன்னா, இந்த டிபிபிஓவ எடுத்து அந்த திரவத்துல போடுற பொருளா மாத்திட்டாங்க. அப்படியே போட்டா ஆகாது, எலக்ட்ரான வாங்கினதும் நிக்காம செதைஞ்சு போயிடும், ஏன்னா அதுல மூணு வளையம் தனித்தனியா சுத்திட்டு இருக்கு. அத ஒண்ணோட ஒண்ணு கட்டிப்போட்டு தட்டையாக்கி இருக்காங்க. 350 தடவ சார்ஜ் ஏத்தி எறக்கியும் கொள்ளளவு ஏறக்கொறைய கொறையலயாம். இதப் படிச்சப்ப எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, எத்தன பேரல் லாரில ஏத்தி எரிக்க அனுப்பிச்சிருப்போம்!

ஆனா ஒண்ணு சொல்லணும். எங்க பிளான்ட்ல ஒரு நைட் ஷிஃப்ட்ல வெளிய எடம் இல்லன்னு ரெண்டு வேற வேற பேட்ச்சோட மதர் லிக்கர, அதாவது கிரிஸ்டல வடிகட்டினப்புறம் மிஞ்சுற திரவத்த, ஒரே பேரல்ல கொட்டிட்டாங்க, மொத நாள் வரைக்கும் சால்வென்ட்ட, அதாவது கரைக்கிற திரவத்த, திரும்ப எடுக்கப் போக வேண்டியது அது, காலைல பாத்தா கருப்பா கொழகொழன்னு, என்ன இருக்குன்னு லேப்லயே சொல்ல முடியல, மொத்தமும் இன்சினரேட்டருக்கு. லேபிள் மேல லேபிள் ஒட்டியிருந்தது இன்னும் கண்ணுல நிக்குது. ஆராய்ச்சிக்காரங்க சுத்தமான டிபிபிஓவ எடுத்துத்தான் ஆரம்பிக்கிறாங்க, நாங்க வெளிய விடுறது கலந்து போனது.

நெல்லிக்குப்பம் ஆலைக் கரும்புச் சக்கையக்கூட சுட்டா சோடியம் பேட்டரிக்கு கார்பன் கெடைக்கும், ஆனா ஆலைங்க சக்கைய எரிச்சு கரண்ட் எடுத்துக்குது, அத யாரும் சும்மா குடுக்க மாட்டாங்க. டிபிபிஓக்கு அப்படி கேக்க ஆள் இல்ல, அதான் அதுக்கு இருக்குற லக்கு.

எனக்கு ஒரு பயமும் இருக்கு. இந்த பேட்டரில தண்ணி இல்ல, ஆர்கானிக் சால்வென்ட், டேங்க் கணக்குல வெச்சா தீப்புடிக்கிற விஷயம். ஊருக்கு நடுவுல வெக்கலாம்னு யாராவது சொன்னா, குடிகாட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுறாங்க, நேரமாச்சு. வணக்கம்.