செங்கல்லில் இருந்த பெயர்கள்

(கட்டடத் தொழிலாளர் சங்க ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, சாயங்காலம் ஐந்து மணிக்கே வந்து கடைசி வரிசை வரைக்கும் நடந்துபோய் எல்லோரையும் நலம் விசாரித்த நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வேறொரு கூட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு இங்கே வந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, நமக்கு இந்த மைதானத்தைக் கொடுத்து உதவிய தலைமையாசிரியர் அவர்களே, எனக்கு முன்னால் நலவாரியப் பதிவைப் பற்றித் தெளிவாகப் பேசி அமர்ந்த தோழர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய பெரியவர் அவர்களே, பந்தலுக்குப் பின்னால் அடுப்படியில் நிற்கும் சமையல்காரர்களே, காலையெல்லாம் சாரத்தில் நின்றுவிட்டுக் குளித்த தலை காயாமல் வந்து உட்கார்ந்திருக்கும் கொத்தனார்களே, பெரியாட்களே, சித்தாள்களே, கம்பி கட்டுகிறவர்களே, உங்கள் குழந்தைகளே! எல்லோருக்கும் வணக்கம். நகர்மன்றத் தலைவர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சீனாவில் நான்ஜிங் என்று ஒரு நகரம். பெயருக்குத் தெற்குத் தலைநகரம் என்று அர்த்தம். மிங் வம்சம் 1368-இல் ஆட்சிக்கு வந்தபோது அதுதான் தலைநகரம். 1421-இல்தான் தலைநகரம் பெய்ஜிங்குக்குப் போனது. போன வருஷம் என் மகள் வேலை பார்க்கிற ஷாங்காய்க்குப் போயிருந்தேன். அங்கிருந்து ரயிலில் நான்ஜிங் போய், நகரத்தின் தெற்கு வாயிலை ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். அதைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல ஆசை. ஒன்று, வாயிலைக் கட்டிய விதம். இரண்டு, அதன் செங்கல். மூன்று, பக்கத்தில் ஓடும் சின்ஹுவாய் ஆற்றை மதில் வழியாக நகரத்துக்குள் விட்ட விதம்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். என் அப்பா கொத்தனார். இந்தப் பழமொழி அவர் வாயில் தினம் ஒரு தடவையாவது வரும். காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் ஓடினால் சொல்வார். பக்கத்து வீட்டில் கடன் வாங்கித் தடபுடலாகக் கல்யாணம் செய்தால் சொல்வார். தூக்குக்குண்டைப் பிடித்துச் சுவரில் நூல் பார்க்கும்போது மட்டும் சொல்ல மாட்டார். அப்போது வாயே திறக்க மாட்டார்.

முதலில் வாயில். வாயில் என்றதும் நாம் ஒரு கதவை நினைக்கிறோம். இது ஒரு கோட்டை. கிழக்கு மேற்காக 118 மீட்டர், தெற்கு வடக்காக 128 மீட்டர். நம் கணக்கில் கால் குறைய நாலு ஏக்கர் வரும். ஒன்றன் பின் ஒன்றாக நான்கு வாசல்கள், நடுவில் மூன்று அடைப்பு முற்றங்கள். எதிரி முதல் வாசலை உடைத்து உள்ளே வந்தால், மேலிருந்து ஒரு பெரிய பலகைக் கதவை இறக்கிவிடுவார்கள். வந்தவன் முற்றத்துக்குள் மாட்டிக்கொள்வான். கதவு இறங்கிய நீளக் காடி இன்றைக்கும் சுவரில் இருக்கிறது. கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போனது. சுவரின் வயிற்றுக்குள் 27 குகை அறைகள், 3000 வீரர்கள் தங்கலாம் என்கிறார்கள். வெளியே வெயில் தீயாய் அடிக்க, உள்ளே நம் பழைய வீட்டு நெல் அறை மாதிரிக் குளுகுளுவென்று இருந்தது. பக்கவாட்டில் குதிரை ஏறுகிற சரிவுப் பாதை. படி இல்லாத சரிவில் ஏறிப் பாருங்கள், கெண்டைக்கால் பேசும்.

மேலே போனால் மாடக்கோபுரம் இல்லை. 1937 டிசம்பரில் ஜப்பானியப் படை பீரங்கி வைத்துத் தாக்கியபோது அது போய்விட்டது. அதற்கடுத்த வாரங்களில் அந்த நகரத்து மக்கள் பட்ட பாடு உலகத்துக்கே தெரியும். இப்போது கோபுரம் இருந்த இடம் வெறும் மேடை. அங்கே நின்றால் காற்று வாங்கலாம், ஊரைப் பார்க்கலாம். மாடம் போன பிறகும் அடிக்கட்டு அப்படியே நிற்கிறது. அப்பா ஞாபகம்தான் வந்தது. சுவரை வைத்துத்தான் சித்திரம்.

வாயிலைப் பற்றி அந்த ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். குழந்தைகள் நிறைய இருப்பதால் முழுசாகச் சொல்கிறேன்.

இப்போது அதன் பெயர் ஜொங்ஹுவா வாயில். 1931-இல் வைத்த பெயர். பழைய பெயர் ஜூபாவோ, செல்வம் சேரும் வாயில். ஷென் வான்சான் என்று ஒரு பணக்காரர். அவரிடம் ஒரு மண் சட்டி. ஒரு காசு போட்டால் சட்டி நிறையக் காசு. ஒரு பிடி அரிசி போட்டால் சட்டி நிறைய அரிசி. நம் மணிமேகலை கையில் இருந்த அமுதசுரபி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமயம் பேரரசர் ஜூ யுவான்சாங் மதில் கட்டுகிறார். எல்லாப் பக்கமும் ஏறுகிறது, தெற்கு வாயில் மட்டும் ஏறவில்லை. பகலில் கட்டினால் ராத்திரியில் இறங்குகிறது. மறுநாள் கட்டினால் மறுபடி இறங்குகிறது. கொத்தனார்கள் நடுங்குகிறார்கள். அந்தக் காலத்தில் கட்டியது இறங்கினால் தலை இறங்கிவிடும். அரசவையில் ஒரு அறிஞர் சொல்கிறார்: "மன்னா, அடியில் செல்வத்தைத் தின்னும் பூதம் இருக்கிறது. ஷென் வான்சானின் சட்டியைப் புதைத்தால்தான் அடங்கும்."

மன்னர் பணக்காரரை வரவழைக்கிறார். "சட்டியைக் கொடு." அவர் தயங்குகிறார். பரம்பரைக்கே சோறு போடுகிற சட்டி, யார் கொடுப்பார்? மன்னர் சொல்கிறார்: "இனாமாகக் கேட்கவில்லை, இரவல்தான் கேட்கிறேன். இன்றைக்கு ராத்திரி புதைப்பேன். ஐந்தாம் சாம முரசு கொட்டியதும் தோண்டித் திருப்பித் தருவேன். இது ராஜ வாக்கு." அங்கே இரவை ஐந்து சாமமாகப் பிரித்து முரசு அடிப்பார்கள். ஐந்தாவது அடித்தால் விடிந்தது என்று கணக்கு. சரி, ஒரு ராத்திரிதானே என்று கொடுத்துவிட்டார். சட்டி உள்ளே போனது, சுவர் நின்றது. பணக்காரர் தூங்காமல் காது கொடுத்துக் காத்திருக்கிறார். முதல் சாமம், டம். இரண்டு, மூன்று, நான்கு. ஐந்து? ஐந்து வரவில்லை. கிழக்கு வெளுக்கிறது, சேவல் கூவுகிறது, முரசு மட்டும் வரவில்லை. விசாரித்தால், இனி இந்த நகரத்தில் ஐந்தாம் சாமத்துக்கு முரசு அடிக்கக் கூடாது என்று ராத்திரியே உத்தரவு போட்டாயிற்று! முரசு அடித்தால்தானே சட்டியைக் கொடுக்க வேண்டும்?

(கைதட்டல்.) நன்றி. நீங்கள் தட்டியது மாதிரிதான் நானும் அங்கே கேட்டுத் தட்டினேன். ராத்திரி படுத்தபோது வேறு யோசனை வந்தது. சுவர் நின்றதற்குச் சட்டி காரணம் என்று கதை சொல்லிவிட்டது. கட்டியவன் எங்கே? 600 வருஷமாக நிற்கிற சுவருக்கு மன்னர் இருக்கிறார், பணக்காரர் இருக்கிறார், பூதம்கூட இருக்கிறது. மண் குழைத்தவனைக் கதையில் காணோம்.

கதை விட்டதைச் செங்கல் வைத்திருக்கிறது. சொந்தங்களே, இதைச் சொல்லத்தான் வந்தேன்.

மதில் வேலை 1366-இல் தொடங்கி இருபது ஆண்டு நடந்தது. முதலில் 35 கிலோமீட்டர், இப்போது மிச்சம் 25 கிலோமீட்டர். செங்கல் பக்கத்து ஊர்களில் மட்டும் சுட்டதல்ல. இன்றைய ஐந்து மாநிலங்களின் அளவுக்கு விரிந்த பகுதியில், நூற்றுக்கும் மேற்பட்ட வட்டாரங்களில் சுட்டு யாங்சே ஆற்றில் படகில் வந்தது. நம் செங்கல் 9 அங்குல நீளம். இது 40 செண்டிமீட்டர், எடை 20 கிலோவுக்குப் பக்கம். சித்தாள் தலையில் ஒன்று வைத்தாலே போதும். சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டரிசிக் கஞ்சி சேர்த்தார்கள். நம் கவுனி அரிசி மாதிரி, வெந்தால் பசையாகிற அரிசி. அந்தப் பசை சுண்ணாம்பை நெருக்கமாக இறுக வைக்கிறது என்று இப்போது சோதனைச்சாலையில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். நம் பெரியவர்கள் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்துச் சேர்த்தது போலத்தான்.

மூன்றாவது முற்றத்தில் ஒரு மூதாட்டி தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் சுவரைத் தடவித் தடவிப் பார்ப்பதைக் கண்டு பக்கத்தில் வந்தார். விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு, தன் பாட்டிலில் இருந்த தண்ணீரில் விரலை நனைத்து ஒரு செங்கல்லின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தார். சாம்பல் நிறச் செங்கல் நனைந்து கறுத்தது. எழுத்துப் பள்ளங்கள் மட்டும் வெளுப்பாக நின்றன. என் மகள் படித்துச் சொன்னாள்: இன்ன வட்டாரம், இன்ன அதிகாரி, இன்ன எழுத்தர், இன்ன ஊர்க்குழுத் தலைவர், சூளைத் தொழிலாளி இன்னார், செங்கல் அறுத்த ஆள் இன்னார். கடைசிப் பெயரில் பாதி தேய்ந்திருந்தது. மூதாட்டி அந்த இடத்தில் இன்னொரு தடவை தண்ணீர் தொட்டு வைத்தார், தெரியட்டும் என்று. அதற்குள் முதல் வரி காய்ந்துவிட்டது.

எதற்குப் பெயர் எழுதினார்கள்? செங்கல் உடைந்தால் ஆளைப் பிடிக்கத்தான். நான் மறைக்கவில்லை. பயத்துக்காகப் பொறித்த பெயர்கள் அவை. ஆனால் அதிகாரி பெயர் இருக்கிற அதே செங்கல்லில், அதே அளவு எழுத்தில், மண் மிதித்தவன் பெயரும் இருக்கிறது. 31 வருஷம் அரசு வேலையில் இருந்தவன் நான். எத்தனையோ கல்வெட்டுக்குத் திரை விலக்கியதைப் பார்த்திருக்கிறேன். திறந்து வைத்தவர் பெயர் இருக்கும், முன்னிலை வகித்தவர் பெயர் இருக்கும். ஒன்றில்கூடக் கொத்தனார் பெயரைப் பார்த்ததில்லை.

இது மரியாதைக்காக மட்டும் கேட்பதல்ல. ஒரு ஊரில் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரின் ஒரு மூலை உள்வாங்கியது. கட்டி ஒன்பது வருஷம்தான். காரணம் தேடி மூன்று மாதம் அலைந்தோம். கோப்பில் ஒப்பந்தக்காரர் பெயரும் பில் தொகையும் இருந்தன. ஒப்பந்தக்காரர் காலமாகிவிட்டார். மண் பரிசோதனை, வரைபடம் என்று என்னென்னவோ பார்த்தோம். ஒரு நாள் டீக்கடையில் நிற்கும்போது ஒரு அம்மா என்னிடம் வந்தார். "அந்த மூலையாங்க ஐயா? அங்க பழைய கிணறு இருந்துச்சுல்ல. தூர்த்த மண்ணு மேலதான் கடக்கால் போட்டாங்க. நான்தான் கல்லு எடுத்துக் குடுத்தேன். அப்பவே மேஸ்திரி சொன்னாரு." மூன்று மாதம் நாங்கள் தேடியது அந்த அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். அவர் பெயர் எங்கேயாவது எழுதியிருந்தால் அன்றைக்கே போய்க் கேட்டிருப்போம். சுவரை வைத்துத்தான் சித்திரம் என்றால், சுவர் எதன்மேல் நிற்கிறது என்று தெரிந்தவர் பெயரை நாம் எங்கே எழுதி வைத்திருக்கிறோம்?

இன்னொரு மனிதரையும் சொல்ல வேண்டும். ஜூ ஷியே. 1930-களிலேயே நான்ஜிங்கின் பழஞ்சின்னங்களைப் படமெடுத்து எழுதி வைத்தவர். 1956-இல் செங்கல்லுக்காக மதிலை இடித்தபோது, அரசுப் பதவியில் இருந்துகொண்டே எதிர்த்து எழுதினார். இந்த வாயில் தப்பியது. அடுத்த வருஷமே அவரை வலதுசாரி என்று முத்திரை குத்திப் பதவியைப் பறித்தார்கள். 1968-இல் இறந்துபோனார். 1988-இல் மதில் தேசியப் பாதுகாப்புச் சின்னம் ஆனது. அதைப் பார்க்க அவர் இல்லை. இந்த மேடையில் அவர் பெயரை ஒரு தடவை சேர்ந்து சொல்லுங்கள்: ஜூ ஷியே.

நமக்கும் அந்த நகரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹ இலங்கைக்குக் கொண்டு வந்த கல்வெட்டு 1409-ஆம் ஆண்டுத் தேதியோடு நான்ஜிங்கில் தயாரானது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்கிற தெய்வத்தைப் போற்றுகிறது. 1911-இல் இலங்கையின் காலி நகரில் கண்டெடுத்தார்கள், இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனத் தலைநகரத்தில் தமிழைக் கல்லில் வெட்டிய கை யாருடையதோ, கல்லில் பெயர் இல்லை.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆற்று விஷயத்தை இன்னொரு மேடையில் பேசுகிறேன். அம்மாவுக்கு ஏன் தனி நன்றி என்றேன் அல்லவா? புதிய பேருந்து நிலையத்துக் கழிப்பறைக் கட்டடத்தில் ஒரு கல் வைத்து, கட்டிய ஆண்டு, செங்கல் வந்த சேம்பர், சிமெண்ட் கலவை, பொறியாளர், மேஸ்திரி, கொத்தனார், சித்தாள் வரை பெயர் எழுதலாமா என்று நான் மனு கொடுத்தபோது, "எழுதிக் கொண்டு வாங்க, மன்றத்தில் வைக்கிறேன்" என்றார். இந்த மேடையிலும் அதையே சொன்னார். தட்டுங்கள்.

அந்த மனு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. நீள நோட்டு, பச்சை அட்டை. சாப்பிடப் போகும் முன் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மைப்பெட்டி இருக்கிறது, பக்கத்தில் ஒரு பிள்ளை உங்கள் பெயரை எழுதித் தரும். பெயருக்கு எதிரில் என்ன வேலை என்பதையும், இந்த ஊரில் நீங்கள் கட்டிய கட்டடம் ஒன்றையும் எழுதுங்கள். முதல் வரியில் அந்தக் கிணற்று மூலை அம்மா கைநாட்டு வைத்திருக்கிறார். நன்றி, வணக்கம்.