மீண்டு வரவும் மனா வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் தங்கச்சிமடத்தில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். சாயங்காலம் பாடம் முடிந்தாலும் பெரிய பையன்கள் சில பேர் எழுந்து போக மாட்டார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் இந்தக் கூட்டம் இன்னும் பெருகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தானே நிற்கின்றன. படகுக்குப் போகிற பையன்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் விரும்பி ஆடும் ஒரு வகை விளையாட்டைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். அதிலும் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்: மந்திர சக்தி. பையன்கள் அதை மனா என்பார்கள். அதை எப்படிச் செலவு செய்வது, எப்போது நிறுத்துவது என்பதுதான் பேச்சு.

விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தரைக்குக் கீழே அடுக்கடுக்காகப் பாதாள அறைகள். நீங்கள் ஒரு மந்திரவாதியாகவோ வீரனாகவோ படி இறங்கிப் போகிறீர்கள். அடியில் ஒரு அரும்பொருள் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே வர வேண்டும். வழியெல்லாம் பூதமும் பாம்பும் பேயும். ஒரு தடவை செத்தால் செத்ததுதான். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, மறுபடி முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் அறைகள் வேறு வேறாக அமையும் என்பதால் வழியை மனப்பாடம் செய்யவும் வழியில்லை.

இன்னொரு முக்கியமான குணம், இதில் அவசரமே கிடையாது. நீங்கள் ஓர் அடி வைத்தால் எதிரியும் ஓர் அடி வைக்கும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தால் பூதமும் அப்படியே நிற்கும். கை வேகம் இல்லாதவர்களும் ஆடலாம், யோசனைதான் வேண்டும். இந்த வகைக்கு முன்னோடி 1980-இல் வந்த ரோக். பிறகு 1987-இல் நெட்ஹேக். 1997-இல் லின்லி ஹென்செல் என்பவர் டஞ்சன் க்ரால் என்று ஒன்றை வெளியிட்டார்; 2006-லிருந்து தன்னார்வலர்கள் அதை ஸ்டோன் சூப் என்ற பெயரோடு வளர்த்துவருகிறார்கள். நெட்ஹேக், க்ரால் இரண்டுமே இலவசம். எங்கள் மையத்தில் இருக்கும் பழைய கணினியிலும் ஓடும். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம்கூட வேண்டாம்.

சரி, மனாவுக்கு வருவோம். மந்திரத்துக்கு ஒரு வரம்பு வைக்க வேண்டும் என்பது பழைய யோசனை. 1974-இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் மந்திரவாதி காலையில் மந்திரங்களை மனத்தில் ஏற்றிக்கொள்வான். ஒன்றைச் சொன்னால் அது மனத்தை விட்டுப் போய்விடும், திரும்பவும் ஏற்றிக்கொண்டால்தான் உண்டு. 1981-இல் வந்த விசார்ட்ரி கணினி விளையாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஊருக்குத் திரும்பி வந்து விடுதியில் தங்கலாம். காசு கொடுத்து அறை எடுத்தால் காயம் ஆறும். காசில்லாமல் குதிரை லாயத்தில் படுத்தால் காயம் ஆறாது, ஆனால் மந்திரம் முழுவதும் திரும்பிவிடும். உடம்பு தேறக் காசு, மந்திரம் திரும்ப ஒரு ராத்தூக்கம். இதைச் செய்தவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று நான் இன்றைக்கும் வியப்பேன். பிறகு வந்த பல விளையாட்டுகள் எல்லாவற்றையும் புள்ளிக் கணக்காக்கிவிட்டன. இத்தனை புள்ளி கையில், ஒரு மந்திரத்துக்கு இத்தனை புள்ளி செலவு.

க்ராலில் கணக்கு ரொம்பச் சுலபம். முதல் நிலை மந்திரத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாம் நிலைக்கு இரண்டு, ஒன்பதாம் நிலைக்கு ஒன்பது. நெட்ஹேக்கில் நிலையை ஐந்தால் பெருக்க வேண்டும். அங்கே புதிய மந்திரவாதிக்குக் கையில் உறுதியாக இருக்கும் ஒரே தாக்கும் மந்திரம் ஐந்து புள்ளி கேட்கும். தொடக்கத்தில் அவனிடம் இருப்பதோ பெரும்பாலும் பத்துக்கும் குறைவு. அதாவது, ஒரே ஒரு தடவை. அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் கைத்தடியை வைத்து அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு சண்டையைக் கிட்டத்திலிருந்து பார்ப்போம். போன தடைக்காலத்தில் ஒரு பையன் க்ராலில் மூன்றாம் தளத்தில் நின்றான். அவனிடம் ஏழு புள்ளி. ஒரு புள்ளி விலையில் மந்திர அம்பு. அது குறி தப்பவே தப்பாது, ஆனால் அடி சின்னது. இரண்டு புள்ளி விலையில் பிளிங்க் என்று ஒரு மந்திரம். சொன்னால் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் எங்காவது கொண்டுபோய் விட்டுவிடும். எதிரே ஆறு கட்டம் தள்ளி ஓகர் என்ற பெரிய பூதம் ஒன்று, கையில் தடியோடு. அது ஓங்கி இரண்டு அடி வைத்தாலே பையன் காலி. அவன் அம்பு விட ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. ஓகர் நடந்து வந்துகொண்டே இருக்கிறது. நான்கு, ஐந்து. ஓகர் பக்கத்துக் கட்டத்தில் நிற்கிறது, பாதிக்கு மேல் அடிபட்டுவிட்டது. கையில் இன்னும் இரண்டு புள்ளி.

"விட்டுரலாமா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே விட்டான். ஆறு. ஏழு. ஓகர் சாகவில்லை. தடி இறங்கியது, ஆட்டம் முடிந்தது.

அந்த ஐந்தாவது அம்புக்கும் ஆறாவது அம்புக்கும் நடுவில் இருக்கும் இடம்தான் நான் இன்று சொல்ல வந்த விஷயம் முழுவதும். ஆறாவது அம்பை விட்டபோது அவன் செலவழித்தது ஒரு புள்ளியை இல்லை, தப்பிக்கும் வழியையே. இரண்டு புள்ளி இருந்தால் பிளிங்க். ஒரு புள்ளி இருந்தால் பிளிங்க் கிடையாது. அங்கிருந்து தாவியிருந்தால், எந்தப் பக்கம் விழுவோம் என்பது அதிர்ஷ்டம்தான் என்றாலும், மேலே போகும் படிக்கு ஓடிப்போக நேரம் கிடைத்திருக்கலாம். க்ராலில் உங்களை ஒட்டி நிற்கும் எதிரிதான் படி வழியாகக் கூடவே வரும். இரண்டு கட்டம் தள்ளி நின்றால் வராது. அந்த இரண்டு புள்ளி அந்த இரண்டு கட்ட தூரத்தை வாங்கித் தந்திருக்கும்.

ஆகவே என் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். கையில் ஏழு இருந்தால் ஏழு என்று எண்ணாதே, ஐந்து என்று எண்ணு. தப்பிக்கும் மந்திரத்தின் விலையை முதலிலேயே கழித்துவிடு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அடியில் இன்னொரு சங்கு கண்ணுக்குத் தெரிந்தாலும், மேலே வருவதற்கான மூச்சில் கைவைக்க மாட்டார்கள். நெஞ்சில் இருக்கும் மூச்சு முழுவதும் வேலைக்கான மூச்சு என்று அவர்கள் ஒருநாளும் கணக்குப் போடுவதில்லை.

ஆனால் இதைக் கேட்டுவிட்டுச் சிலர் நேர் எதிராகப் போய்விடுகிறார்கள். மனாவைச் செலவழிக்கவே பயம். கடைசிவரை பத்திரமாக வைத்திருந்து, நிறைந்த மனாவோடு சாகிறார்கள். இதுவும் அதே அளவுக்குக் கெடுதல், சொல்லப்போனால் இதுதான் எனக்கு அதிக வருத்தம். மனா தானாக ஊறும், ஆனால் உச்ச அளவை எட்டியதும் ஊறுவது நின்றுவிடும். நிறைந்த நிலையில் நடக்கும் ஒவ்வொரு அடியிலும் கிடைத்திருக்க வேண்டிய மனா கிடைக்காமல் போகிறது. அதோடு, அம்பின் மதிப்பு தூரத்தில்தான் இருக்கிறது. ஓகர் ஆறு கட்டம் தள்ளி இருக்கும்போது விடும் அம்புக்குப் பதிலடி கிடையாது. பக்கத்தில் வந்த பிறகு விடும் அதே அம்புக்கு ஒரு தடியடி விலை. அதனால் செலவழிக்க வேண்டியதை முன்னாலேயே தயங்காமல் செலவழிக்க வேண்டும். ஒதுக்கி வைத்ததை மட்டும் தொடக்கூடாது. தாராளமும் கண்டிப்பும் ஒரே ஆளுக்குள் இருக்க வேண்டும். அது பழக்கத்தில்தான் வரும்.

செலவழித்த மனா எப்படித் திரும்புகிறது? காத்திருந்தால் திரும்புகிறது. க்ராலில் எண் ஐந்து விசையைத் தட்டினால் ஆள் உட்கார்ந்து ஓய்வெடுப்பான். தட்டுகிறவருக்கு ஒரு நொடி. ஆட்டத்துக்குள்ளே நூறு நகர்வு வரை ஓடிவிடும். நெட்ஹேக்கில் இது இன்னும் கடினம். அதன் 3.6 பதிப்பில் முதல் நிலை மந்திரவாதிக்கு ஏறக்குறைய 18 நகர்வுக்கு ஒருமுறைதான் ஒன்றோ இரண்டோ புள்ளி ஏறும். அந்த ஒரே மந்திரத்தை மறுபடி சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதற்குள் பசிக்கும். நெட்ஹேக்கில் மந்திரம் சொன்னாலே தனியாகப் பசிக்கும். எத்தனை புள்ளியோ அதைப் போல இரண்டு மடங்கு வயிற்றிலிருந்து கழியும். மந்திரவாதிக்குப் புத்திக்கூர்மை 17-ஐ எட்டினால் இந்தப் பசி இல்லை. மற்றவர்களுக்கு உண்டு. ஐந்தாம் நிலை மந்திரம் ஒன்றுக்கு 25 புள்ளி, 50 அலகு பசி. ஆக, மனாவின் உண்மையான விலை நேரமும் சோறும்தான்.

க்ராலிலும் பசி இருந்தது. 2021-இல் வந்த 0.26 பதிப்பில் சாப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். பழைய ஆட்டக்காரர்கள் பலருக்கு அதில் கோபம். எனக்கு அது சரியென்றே படுகிறது. க்ராலில் சாப்பாடு கிடைக்காமல் செத்தவர்கள் குறைவு. மூட்டை சுமந்து அலுத்தவர்கள்தான் அதிகம். அதற்குப் பதிலாக ஒரு கடிகாரம் வைத்தார்கள். ஒரே பகுதியில் அளவுக்கு மீறி உட்கார்ந்திருந்தால் பாதாளத்தின் சக்தி உங்களைத் தேடி வந்து தாக்கும். அவகாசம் தாராளம்தான், இருந்தாலும் ஓய்வு முழு இலவசம் ஆகிவிடவில்லை.

கவசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கனமான கவசம் போட்டால் மந்திரம் தவறும். தவறினாலும் மனா கழியும்: நெட்ஹேக்கில் பாதி, க்ராலில் முழுவதும். திரையில் தவறும் விழுக்காடு போட்டிருக்கும், அதைப் பார்த்துக் கவசம் போட வேண்டும். பையன்கள் பளபளக்கும் இரும்புக் கவசத்தைக் கண்டால் விடமாட்டார்கள். அங்கேயே பாதி மனா போய்விடுகிறது.

தெய்வங்களும் உண்டு. க்ராலில் வெஹுமெட் என்ற தெய்வத்தை வணங்கினால், எதிரியைக் கொல்லும்போது கொஞ்சம் மனா திரும்பக் கிடைக்கும். சிஃப் முனா என்ற தெய்வம், நாம் வேண்டிக்கொண்டால் மனாவை வரவழைத்துக் கொடுக்கும். முதலாவது பாய்ந்து அடிக்கிறவனுக்கு, இரண்டாவது நிதானமாக ஆடுகிறவனுக்கு. எது நல்லது என்று என்னிடம் கேட்டால் ஆளைப் பார்த்துத்தான் சொல்வேன்.

இனி திரும்பி வருவது. ரோக்கிலும் நெட்ஹேக்கிலும் அடியில் இருக்கும் அரும்பொருள் ஒரு தாயத்து. ரோக்கில் 26-ஆம் தளம் வரை இறங்கி அதை எடுத்தவுடன் ஆட்டம் முடிந்துவிடாது. அத்தனை தளமும் ஏறி வர வேண்டும். க்ராலில் அரும்பொருளான மணிக்கோளத்தைக் கையில் எடுத்த நொடியிலிருந்து கொடிய எதிரிகள் தொடர்ந்து முளைத்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் மனாவை வைத்து இதை மிகக் கூர்மையாகச் செய்திருப்பது நெட்ஹேக்தான்.

அங்கே தாயத்து உங்கள் கையில் இருக்கும்போது மந்திரம் சொல்லப் போனால், தாயத்து உங்கள் சக்தியை உறிஞ்சும். மந்திரத்தின் விலைக்கு மேலே, ஒன்றிலிருந்து அந்த விலையின் இரண்டு மடங்கு வரை ஏதாவது ஒரு எண் கழியும். பனிக்காற்றை வீசும் மந்திரம் இருக்கிறது, நான்காம் நிலை, 20 புள்ளி. இறங்கும்போது 20 இருந்தால் போதும். ஏறும்போது அதே மந்திரத்துக்கு 21-உம் ஆகலாம், 60-உம் ஆகலாம். இதில் கொடுமை என்னவென்றால், உறிஞ்சுவது முதலில் நடக்கும். உறிஞ்சிய பிறகு மிச்சம் 20-க்குக் குறைந்தால் மந்திரம் வராது, உறிஞ்சியதும் திரும்பாது. ஒரு மந்திரத்தை நிச்சயமாகச் சொல்ல 60 புள்ளி கையில் வேண்டும்.

இறங்கும்போது போட்ட கணக்கையே ஏறும்போதும் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். மாதக்கணக்கில் ஆடி, தாயத்தைக் கையில் வாங்கி, பாதி வழியில் செத்தவர்கள் உண்டு. தேர்ந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், இறங்கும்போதே மேலேறுவதற்கான பொருள்களைச் சேர்க்கிறார்கள்: மனா தேவைப்படாத மந்திரக்கோல், சுருள், மருந்துக் குப்பி. அவற்றை வழியில் தொடுவதில்லை. மனாவை இறங்கும் பாதைக்கே செலவழிக்கிறார்கள். பையிலிருப்பது ஏறுவதற்கு. மூன்றாம் தளத்தில் இரண்டு புள்ளியை ஒதுக்கி வைத்துப் பழகிய பையனால்தான் இதை அப்புறம் செய்ய முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆட விரும்புகிறவர்கள் க்ராலில் தொடங்குங்கள். பயிற்சி ஆட்டம் ஒன்று உள்ளேயே இருக்கிறது. மந்திரம் சொல்வதற்கென்று தனிப் பாடமும் உண்டு. கொஞ்சம் ஆங்கிலம் படிக்க வேண்டியிருக்கும், பையன்கள் அதை ஆட்டத்தோடு ஆட்டமாகப் பழகிக்கொள்கிறார்கள், அதை நான் கண்ணால் பார்க்கிறேன். பயிற்சி முடிந்ததும் ஹெட்ஜ் விசார்ட் என்ற ஆளைத் தேர்ந்தெடுங்கள். அவனிடம் மந்திர அம்பும் பிளிங்கும் இருக்கும். பிளிங்க் கற்றுக்கொண்ட பிறகு, இரண்டு புள்ளிக்குக் கீழே ஒருபோதும் இறங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டு நான்காம் தளம் வரை போய்ப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.