மறுபடியும் வானவில் வண்ணமா?

வணக்கம் நண்பர்களே! வட்ட விளக்கப்படத்தை நான் எப்படிப் பொரிந்து தள்ளினேன் என்பது பழைய பார்வையாளர்களுக்கு நினைவிருக்கும். இன்று அதைவிடக் கோபத்தில் இருக்கிறேன். புதிதாக வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையை நேற்று திறந்தேன். சோதனை அருமை, எழுத்து அருமை. குறைந்த மதிப்பிலிருந்து அதிக மதிப்பு வரை எண்களை நிறத்தால் காட்டும் முதல் படத்தைப் பார்த்தால் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு. மறுபடியும் வானவில் வண்ணம்!

இதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பீர்கள். அந்தப் படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றித் திரையில் வைத்திருக்கிறேன், பாருங்கள். மிகக் குறைந்த மதிப்புக்கு உரிய கருநீலமும் மிக அதிக மதிப்புக்கு உரிய கருஞ்சிவப்பும் கிட்டத்தட்ட ஒரே கருஞ்சாம்பல். நடுவில் இருக்கும் மஞ்சள்தான் பளிச்சென்று அடிக்கிறது! எது அடர்த்தி, எது வெளிர் என்பதைக் கண் உடனே வரிசைப்படுத்திவிடும். பச்சை பெரியதா, ஊதா பெரியதா என்று கேட்டால் அதற்கு விடை கிடையாது. போதாக்குறைக்கு, வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது.

இது வெறும் ரசனைச் சண்டை இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மிஷெல் போர்கினும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. இதயத் தமனியின் சுவரில் இரத்த ஓட்டத்தின் உரசல் விசை எங்கே குறைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. வானவில் வண்ணத்தில் முப்பரிமாணப் படமாகக் காட்டியபோது அந்த இடங்களில் 39 சதவீதத்தைத்தான் ஆய்வில் பங்கேற்றவர்கள் கண்டுபிடித்தார்கள். படத்தை மாற்றியதும் 91 சதவீதம்! நோயாளி அதே ஆள், தரவு அதே தரவு.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த 91க்கு நிறம் மட்டும் காரணம் இல்லை. முப்பரிமாணத் தமனியைத் தட்டையான கிளைப்படமாக விரித்ததும் காரணம். வானவில்லை அப்படியே வைத்துக்கொண்டு தட்டையாக்கியபோது 62 வந்தது. மீதி ஏற்றம் நிறம் கொடுத்தது.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். ஆசிரியர்கள் தரவையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள், அதற்கு அவர்களுக்கு என் பாராட்டு. நானே மறுபடி வரைந்தேன். நிறத்தை மாற்ற நிரலில் ஒரே ஒரு சொல்லைத் திருத்தினால் போதும்: விரிடிஸ். கருஊதாவில் தொடங்கி மஞ்சள் வரை வெளிச்சம் சீராக ஏறும் நிறவரிசை அது. படம் வரைய நான் பயன்படுத்தும் மேட்பிளாட்லிப் என்ற பைத்தான் நிரல் தொகுப்பு 2017இலேயே இதைத் தன் இயல்பு நிறவரிசையாக ஆக்கிவிட்டது. ஆனால் படத்தைச் சேமித்ததும் எந்த நிறம் எந்த மதிப்பு என்று காட்டும் நிறப்பட்டைக்குப் பக்கத்தில் இருந்த தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டது. எழுத்தைச் சிறிதாக்கினேன், வெட்டுப்பட்டது. படத்தைப் பெரிதாக்கினேன், அப்போதும் வெட்டுப்பட்டது! மாலை முழுவதும் அதிலேயே போயிற்று. கடைசியில் சேமிக்கும் கட்டளையிலேயே ஓரங்களைப் படத்துக்கு ஏற்ப இறுக்கிக்கொள்ளச் சொல்லும் ஒரு விருப்பம் இருப்பது தெரிந்தது. தலைப்பு முழுதாக வந்தபோது நான் கைதட்டியது பக்கத்து அறைக்கே கேட்டிருக்கும்.

இப்போது இரண்டு படங்களையும் அருகருகே பாருங்கள். பழைய படத்தில் மஞ்சள் தொடங்கும் இடத்தில் கோடு போட்டதுபோல ஓர் எல்லை. புதியதில் அந்த எல்லையே இல்லை, மெல்ல ஏறும் சரிவுதான் இருக்கிறது. எண்களையும் சரிபார்த்தேன், அங்கே தாவல் எதுவும் கிடையாது. இல்லாத எல்லையை நிறம் உண்டாக்கியிருக்கிறது, கட்டுரையும் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டது!

வட்டப்படக் காணொளியில் சொன்ன கிளீவ்லாண்டு, மெக்கில் என்ற இரு ஆய்வாளர்களின் ஆய்வு 1984இல் வந்தது. ஒரே அச்சில் புள்ளி இருக்கும் இடத்தைக் கண் துல்லியமாக அளக்கும், கோணத்தில் அதைவிடத் தடுமாறும், நிற அடர்த்தியில் இன்னும் தடுமாறும் என்பது அதன் சாரம். ஆகவே நிறத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முடியாத இடத்தில், வெளிச்சம் ஒரே திசையில் ஏறுகிற நிறவரிசையைத் தேர்ந்தெடுங்கள்.

உங்களிடம் வானவில் படம் இருந்தால் தரவோடு அனுப்புங்கள், அடுத்த காணொளியில் வரைந்து காட்டுகிறேன். மருத்துவப் படங்களை முதலில் எடுத்துக்கொள்வேன்.