கொலையைத் தேடிப் போனவனுக்குக் கிடைத்த நிலப்பத்திரம்

(வரலாற்று ஆர்வலர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். "வரலாற்று அறிஞர்களோடு உரையாடுவது எப்படி?" என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எப்படி உரையாடக் கூடாது என்பதில் மட்டும் நல்ல அனுபவம் உண்டு. அதையே பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், கல்வெட்டுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரோடு காட்டுமன்னார்கோயிலுக்குப் போயிருந்தேன். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். ஐயா என்றே சொல்கிறேன். அங்கே உடையார்குடியில் அனந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. சென்னைக்காரர்கள் குடிக்கிறார்களே வீராணம் தண்ணீர், அந்த ஏரி பக்கத்திலேயேதான். பராந்தகச் சோழனுக்கு வீரநாராயணன் என்று ஒரு பட்டம். ஏரிக்கும் அந்தப் பெயர்தான், ஊருக்கும் அந்தக் காலத்தில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்றுதான் பெயர்.

என் கையில் ஒரு நோட்டு, போனில் ரெக்கார்டர், மனசில் ஒரே ஒரு கேள்வி. ராஜராஜ சோழனின் அண்ணன், பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? பொன்னியின் செல்வன் நாவல் படித்தவர்களுக்கும் படம் பார்த்தவர்களுக்கும் இருக்கிற அதே கேள்விதான். கொலையாளிகளின் பெயர் அந்தக் கோயில் கல்வெட்டில் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஐயா வாசித்துக் காட்டுவார், நான் பதிவு செய்துகொள்வேன், மர்மம் தீர்ந்தது. திட்டம் அவ்வளவுதான்.

கல்வெட்டு முன்னால் நின்றதும் டார்ச்சை நேராக அடித்தேன். வெறும் கல் மட்டும் பளபளத்தது. "பக்கவாட்டில் பிடிப்பா, சுவரை ஒட்டி" என்றார். அப்படிப் பிடித்ததும் எழுத்துகள் ஒவ்வொன்றாக நிழல் கட்டி எழுந்து வந்தன. சரி, நமக்குத்தான் தமிழ் தெரியுமே என்று வாசிக்கப் போனேன். சோழர் காலக் கல்வெட்டில் பொதுவாகப் புள்ளி வைக்க மாட்டார்கள். எ, ஏ இரண்டும் ஒரே மாதிரி. ஒ, ஓவும் அப்படியே. நடுநடுவே வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்து வேறு. நான் "கொ" என்று தடுமாற, அவர் "கோ, அரசன்" என்று திருத்தினார். முதல் எழுத்திலேயே தோல்வி.

அப்புறம் அவர் கேட்டார்: "இது யார் காலத்துக் கல்?"

"ராஜராஜன், ஐயா."

"அப்படி எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. "கோ ராஜகேசரி வர்மர், யாண்டு 2", அதாவது ஆட்சியின் 2ஆம் ஆண்டு என்றுதான் இருந்தது. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டவர்கள். அப்படியானால் எந்த ராஜகேசரி? இங்கேதான் ஐயா என்னை உட்காரவைத்துக் கணக்குப் போட வைத்தார். கல்லில் கரிகாலன் கொலை பேசப்படுகிறது, ஆக இது கொலைக்கு அப்புறம் வெட்டியது. கரிகாலனின் அப்பா சுந்தர சோழரும் ராஜகேசரிதான். ஆனால் அவர் 957 வாக்கில் பட்டத்துக்கு வந்தவர், அவருடைய 2ஆம் ஆண்டில் பையன் உயிரோடுதான் இருந்தான். அடுத்து வந்த உத்தம சோழர் பரகேசரி. மிச்சம் இருப்பது 985இல் பட்டமேறிய ராஜராஜன் ஒருவர்தான். ஆக, கல்வெட்டு 987 வாக்கில் வெட்டப்பட்டது. நான் ஏதோ ஒரு கட்டுரையில் ஒரே வரியில் படித்துவிட்டுப் போன ஆண்டுக்கு இவ்வளவு படிகள் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வரலாற்று அறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "உங்களுக்கு அது எப்படித் தெரியும்?" என்பதுதான். நம்மில் பலர் மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று அதைக் கேட்பதில்லை. கேட்டுப் பாருங்கள், அவர்கள் முகம் மலர்ந்துவிடும்.

பெயர்கள் வந்தன. பாண்டியனைத் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்று துரோகிகளான சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், இன்னொரு தம்பி பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன். எனக்குப் புல்லரித்தது. "பார்த்தீர்களா, பஞ்சவன் என்றால் பாண்டியன்! பாண்டிய நாட்டுச் சதி!" என்றேன். அவர் அமைதியாக, "அடுத்தவன் பட்டத்தில் இருமுடிச்சோழன் இருக்கே, அதை என்ன செய்யப் போறே?" என்றார். சோழ அரசு கொடுத்த பட்டம் போலல்லவா இருக்கிறது. நான் நோட்டில் எழுதியதை அடித்தேன்.

சரி, உத்தம சோழருக்குப் பங்கு உண்டா? கொலை நடந்து 15 ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான், அதுவும் ராஜராஜன் ஆட்சியில், இந்தக் கல்லில் உள்ள அரச ஆணை வருகிறது. நடுவில் ஆண்ட உத்தம சோழர் ஏன் சும்மா இருந்தார் என்று வரலாற்று அறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் அவர்மேல் சந்தேகப்பட்டார். பக்கத்தில் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்த இன்னொரு வரலாற்று அறிஞர் சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. நான் நடுவர் மாதிரி, "இரண்டு பேரில் யார் சரி?" என்று கேட்டேன். ஐயா தீர்ப்புச் சொல்ல மறுத்துவிட்டார். "உத்தம சோழர் மகன் கண்டராதித்தன் ராஜராஜன் ஆட்சியில் கோயில்களை மேற்பார்வை பார்க்கிற பெரிய பொறுப்பில் இருக்கான். அண்ணனைக் கொன்றவர் மகனுக்கு அப்படி ஒரு வேலை கொடுப்பானா? யோசி. ஆனா அரசியலில் கொடுக்கவும் கொடுப்பாங்க. அதையும் யோசி." அவ்வளவுதான். அந்தப் பதிவை இப்போதும் போட்டுக் கேட்பேன். என் குரலில் ஏமாற்றம் தெளிவாகத் தெரியும்.

இத்தனைக்கும் நான் ஒன்றைக் கேட்கவே இல்லை: இந்தக் கல்லை எதற்காக வெட்டினார்கள்? அவர்தான் கடைசியில் கேட்டார். விழித்தேன். "இது எஃப்.ஐ.ஆர். இல்லைப்பா, கிரயப் பத்திரம்" என்றார்.

உண்மைதான். துரோகிகளின் சொத்து மட்டும் பறிபோகவில்லை. அவர்கள் தம்பிமார், மக்கள், மனைவிமார், பெரியப்பன்மார், மாமன்மார், அவர்கள் பெண்ணைக் கட்டியவர்கள் வரை எல்லோருடைய உடைமையும் அரசன் ஆணையால் போகிறது. ஆணை ஊர்ச் சபைக்கு வருகிறது. அதில் ஒரு குடும்பத்து நிலத்தையும் மனைகளையும் ஒருவர் விலைக்கு வாங்கி, கோயிலில் தண்ணீர் வைக்கவும் அந்தணர்களுக்குச் சோறு போடவும் அறமாக எழுதி வைக்கிறார். அந்த அறம் நிலைக்க வேண்டும், நாளைக்கு யாரும் வந்து "இது எங்க தாத்தா நிலம்" என்று கேட்கக் கூடாது. அதனால் நிலம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அவசியத்தால்தான் "கொன்று" என்ற சொல் கல்லில் ஏறியது. நம் பத்திரங்களில் மூலப்பத்திர விவரம் எழுதுவதில்லையா, அதே வேலைதான்.

இதோடு திருவாலங்காட்டுச் செப்பேட்டை வைத்துப் பாருங்கள் என்றார் ஐயா. அது அரச குடும்பமே பெருமையாக எழுதிக்கொண்டது, ராஜராஜன் மகன் ராஜேந்திரன் காலத்தது. அதில் ஆதித்தன் விண்ணுலகைக் காணும் ஆசையால் மறைந்தான் என்று அழகாக முடித்துவிடுகிறார்கள். கொலை என்ற பேச்சே இல்லை. அரண்மனைப் புலவர் பூசி மெழுகியதை நிலத்துக்கு வில்லங்கம் வந்துவிடுமோ என்று பயந்த ஊர்க்காரர்கள் உடைத்துச் சொல்லிவிட்டார்கள். எந்தச் சான்று எப்போது வாய் திறக்கும் என்பது அதை எழுதியவனின் தேவையைப் பொறுத்தது போலிருக்கிறது. இதை நான் நாலு புத்தகம் படித்திருந்தாலும் பிடித்திருக்க மாட்டேன். ஒருவர் பக்கத்தில் நின்று, என் கேள்வியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறொன்றைக் கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நிலம் போன அந்தக் குடும்பத்தில் மூன்று பேர் வருகிறார்கள்: ரேவதாச கிரமவித்தன், அவன் மகன், கிரமவித்தனின் தாய் பெரியநங்கைச் சாணி. கூட வந்த கல்லூரிப் பையன் ஒருவன் அந்தப் பெயரைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டான். ஐயாவுக்கு முதன்முறையாகக் கோபம் வந்தது. சாணி என்பது கல்வெட்டுகளில் பிராமணப் பெண்களின் பெயரோடு வரும் மரியாதைச் சொல் என்று விளக்கினார். பையன் தலை குனிந்தான். அந்தக் கல்லில் சோமன், ரவிதாசன் பெயர்களை ஊரே தேடுகிறது. அந்த அம்மாள் என்ன தப்புச் செய்தார்? பேரன் இருக்கிறான், மூத்தவளாகத்தான் இருந்திருப்பார்.

நான் ரெக்கார்டரை நிறுத்திவிட்டுக் கேட்டேன்: "அந்த அம்மா அப்புறம் எங்கே போயிருப்பாங்க, ஐயா?"

அவர் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார். "இந்தக் கல்லில் இல்லை" என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த சுவருக்கு நகர்ந்தார். "டார்ச்சை இந்தப் பக்கம் பிடி."